தொடையில் ஓர் ஆயில் கோடு

பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் அவர் டிரைவரைத்தான் திறப்பார். வண்டியில் என்ன சத்தம் வருகிறதோ அதை வாயால் செய்து காட்ட வேண்டும். சரியாகச் செய்யத் தெரியாதவனுக்குத் தலையில் ஒரு குட்டு. எதையோ மறைத்துக்கொண்டு செய்கிறான் என்று தோன்றினால் கன்னத்தில் அறை. ஹடப்சரில் சோலாப்பூர் ரோட்டிலிருந்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குத் திரும்பும் சந்தில் அவருடைய வண்டி ரிப்பேர்த் தகரக் கொட்டகை இருந்தது. நான் முதல்முறை போன அன்று, என் அப்பா வயதுள்ள சாத்தாராக்கார டிரைவர் ஒருவர் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். “லொட லொட... நஹீ நஹீ உஸ்தாத், டொக் டொக்” என்று பாடம் மறந்த பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்தது என் முறை என்று தெரிந்ததும் அடங்கிவிட்டது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எங்களில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. தமிழன், மராட்டிக்காரன், பிகாரி எல்லோருக்கும் அவர் உஸ்தாத்தான். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். குள்ளம், கழுத்தும் தோளும் ஒன்றாகிப்போன உடம்பு. முழங்கை நீளத்துக்கு மரப்பிடி போட்ட ஒரு ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பார். அதன் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியை வலது காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். பல வருஷம் அப்படி அழுத்தியதில் காதுக்கு முன்னால் ரூபாய் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் விழுந்திருந்தது. எந்த சோப்புக்கும் அது போகவில்லை.

அவரிடம் ஐந்து சத்தங்கள் இருந்தன. டிக் டிக் என்றால் எஞ்சின் தலையில் வால்வைத் தட்டும் டாப்பெட். கிறீச் என்றால் ஃபேன் பெல்ட். கொய்ங் என்றால் பின்னால் டிஃபரன்ஷியல். லொட லொட என்றால் எங்கோ போல்ட் தளர்ந்திருக்கிறது. டொக் டொக் என்றால் எஞ்சின் வயிற்றுக்குள் பேரிங் போய்விட்டது, வண்டியை இழுத்துத்தான் போக வேண்டும். ஐந்தும் தமிழ்ச் சத்தம். வேறு மொழியில் சத்தம் போட்டால் புரியாது என்றில்லை, பிடிக்காது. எதிரே டீக்கடையில் மராட்டி டிரைவர்கள் தங்களுக்குள்ளேயே “மாஜ்யா காடீலா லொட லொட ஆஹே”, என் வண்டிக்கு லொட லொட, என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன்.

அந்த டீக்கடையில் ஒரு ரேடியோவும் இருந்தது. ஒருநாள் அவர் ஒரு பழைய டெம்போவில் காதை வைத்திருந்தபோது கடைக்காரர் பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டார். உஸ்தாத் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போனார். ரேடியோவை மேசையில் படுக்கவைத்து மூன்று அடி போட்டார். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து கேட்டார். கடைக்காரர் கையில் பால் கிண்ணத்தோடு அப்படியே நின்றார். சாயங்காலம் வழக்கம்போல உஸ்தாத்துக்கு டீ வந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

அவ்வளவையும் ஏன் பொறுத்துக்கொண்டோம் என்று இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர் சொன்னால் சரியாக இருந்தது, அதனால்தான். மூன்று ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துக் கைவிட்ட வண்டி ஒன்றில் கால்மணி நேரம் காது வைத்து, ரேடியேட்டர் பக்கம் உடைந்து கிடந்த ஒரு சின்ன கிளிப்பை விரலால் தொட்டுக் காட்டினார். நாங்கள் கை தட்டினோம். தட்டியதற்கும் திட்டு வாங்கினோம். மனுஷன் மேல் எனக்குப் பயம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு ஆசையும் இருந்தது என்பதை ஒளிக்க என்ன இருக்கிறது.

இடது காது அவருக்கு மந்தம். வேலை பழகிய காலத்தில் மதுரையில் அவருடைய உஸ்தாத் விட்ட அறையில் போனதாம். அதைக் குறையாக அவர் சொன்னதே இல்லை. அந்த அறை விழுந்த பிறகுதான் வலது காது திறந்தது, இல்லாவிட்டால் நானும் உங்களை மாதிரி ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு திரிந்திருப்பேன் என்பார். சொல்லும்போது முகத்தில் நிஜமான நன்றி இருக்கும். 

இன்னொன்றும் அவரிடம் இருந்தது. அதை வரிசையில் நின்ற டிரைவர்கள் எல்லோரும் அறிவோம், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். தன் கை பட்ட இடத்தில் அவர் ஸ்க்ரூடிரைவரை வைக்கவே மாட்டார். அவர் மாட்டிய வாட்டர் பம்ப்பில் சத்தம் வந்தால், பம்ப்பை விட்டுவிட்டு எஞ்சின் முழுக்கக் கேட்பார். கடைசியில் கியர்பாக்ஸ் என்பார். அந்த சாத்தாராக்காரர்தான் எனக்கு வழி சொல்லிக்கொடுத்தார்: உஸ்தாத் தொட்ட இடத்திலேயே சத்தம் வந்தால் அவரிடம் கொண்டுபோகாதே, ரோட்டோரம் நிறுத்தி நீயே முடுக்கிக்கொண்டு போய்விடு. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். அவருக்கு அது தெரியாது. தன் வேலை எதுவும் திரும்பி வராததைப் பார்த்து அவருடைய நம்பிக்கை இன்னும் ஏறியது. அதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

நான் ஓட்டியது ஒரு ஃபவுண்டரி முதலாளியின் டீசல் பிக்கப். மூன்று கை மாறி வந்த கிழட்டு வண்டி. ஹடப்சரிலிருந்து சாகணுக்கு வார்ப்படங்களை ஏற்றிக்கொண்டு தினம் போய் வர வேண்டும். காலையில் கிளப்புவதற்கு முன்னால் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, துடைத்து, திரும்பச் செருகிப் பார்ப்பது என் பழக்கம். துணி தேட மாட்டேன். நான் இடக்கைக்காரன், இடது தொடையில் ஒரு இழுப்பு. என் பேன்ட் எல்லாவற்றிலும் அந்த இடத்தில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். துவைத்துத் துவைத்து என் மனைவி அலுத்துப்போய், இந்தக் கோட்டை வைத்தே உன்னைக் கூட்டத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்பாள். உஸ்தாத்தும் என்னை “பீச்சாங்கைப் பய” என்றுதான் கூப்பிடுவார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். எஞ்சின் மூக்கில் ஆயில் கசிந்தது. உஸ்தாத் முன்பக்கம் பெல்ட்டைச் சுற்றும் புல்லியைக் கழற்றி, பின்னால் இருந்த ரப்பர் சீல் வளையத்தை மாற்றி, திரும்ப மாட்டி முடுக்கிக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து டொக் டொக் வந்தது. லோடு ஏற்றினால் கொஞ்சம், காலியாக நின்றால் அதிகம். அவர் தொட்ட இடமே அதுதான் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. டொக் டொக் என்றதும் பயந்துவிட்டேன். முதலாளியையும் கூட்டிக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனேன்.

வாயால் செய்து காட்டினேன். “சரியாத்தான் சொல்லுத” என்று தலையாட்டினார். பிறகு கேட்க ஆரம்பித்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நாலு சிலிண்டருக்கும் போகும் டீசல் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். ஒன்றைத் தளர்த்தினால் அந்த சிலிண்டர் வேலை செய்யாது, வண்டி நொண்டும். எந்த சிலிண்டர் நின்றதும் சத்தம் அடங்குகிறதோ அங்கேதான் கோளாறு. மூன்றாவதைத் தளர்த்தியபோது டொக் டொக் அமுங்கியது. எனக்கே கேட்டது. அவர் ஸ்க்ரூடிரைவரை எஞ்சின் வயிறு, தலை, இரண்டு விலா எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தார். தான் புல்லி மாட்டிய மூக்குப் பக்கம் மட்டும் போகவில்லை.

“மூணாம் நம்பர் பேரிங் போச்சு” என்று முதலாளியிடம் ஹிந்தியில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஆயில் இல்லாம ஓட்டிருக்க.”

இல்லை உஸ்தாத், தினம் பார்க்கிறேன் என்றேன். பொய் சொல்லாதே என்றார். நான் இடது தொடையைக் காட்டினேன். இதைப் பாருங்கள், இந்தக் கோட்டைப் பாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் குனியவில்லை. ஒரு கண் கீழே போயிருந்தால் போதும். கைதான் வந்தது.

வலக்கைக்காரன் அறைந்தால் இடது காதில்தான் விழும். உள்ளே ஏதோ கிழிந்தது எனக்குத் தெரிந்தது. நான் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சட்டைக் காலரில் சூடாக ஏதோ வடிந்தது. தொட்டுப் பார்த்தேன், ரத்தம். ஏழெட்டு டிரைவர்கள் நின்றிருந்தார்கள், ஒருவரும் அசையவில்லை. உஸ்தாத் என் தோளைத் தட்டி, ஏதோ நல்லது செய்து முடித்தவர் குரலில் சொன்னார்:

“அழாதல. ஒண்ணு போனா இன்னொண்ணு தொறக்கும்.”

திறக்கவில்லை. சவ்வு கிழிந்து சீழ் வைத்து, அந்தக் காது அப்படியே போனது. முதலாளி அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டார். எஞ்சினைக் கொன்றவன் என்ற பெயர் ஹடப்சர் முழுக்கப் பரவியது. உஸ்தாத் சொன்னால் சொன்னதுதானே. எவனும் எனக்கு லோடு வண்டி கொடுக்கவில்லை. வாடகை ஆட்டோ ஓட்டினேன். ஒற்றைக் காதோடு ஓட்டுகிறவனுக்குச் சத்தம் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாது. இடது பக்கம் ஹாரன் அடித்தால் வலது பக்கம் திரும்பிப் பார்ப்பேன். சவாரி ஏறியவர்கள் இறங்கி வேறு ஆட்டோ பிடித்ததும் உண்டு. மனசுக்குள் அவரை நான் எத்தனை தடவை அடித்துப்போட்டேன் என்பதற்குக் கணக்கில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு மத்தியானம், உஸ்தாத்தின் மனைவி பஸ் பிடித்து கோர்ப்படியில் என் அறைக்கு வந்தார். கொட்டகைக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு. கழற்றிய பாகங்களை மண்ணெண்ணெய்த் தட்டில் கழுவிக் கொடுப்பது அவர் வேலை. முழங்கை வரைக்கும் தோல் வெளுத்திருக்கும். நாங்கள் அக்கா என்போம். அவர் பேசி அதிகம் கேட்டதில்லை. கூடையிலிருந்து மராட்டிப் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து என் கட்டிலில் வைத்தார். உள்ளே இரண்டு அரைவட்டத் தகடுகள். பேரிங். புதுசு மாதிரி மின்னின.

“உங்க வண்டில எறக்குனது தம்பி. மூணாம் நம்பர். ஒரு கீறல் இருக்கா பாருங்க” என்றார். “பதினாறு வருசமா இதத்தான கழுவுதேன். ஆயில் இல்லாம ஓடுனது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? நாலு ஜோடியும் இப்படித்தான் இருந்துச்சு. புல்லி நட்டுதான் லூசு. அவுக முடுக்குனது. சிலிண்டர நிறுத்துனா லூசு புல்லியும் அமுங்கத்தான் செய்யும்.”

எஞ்சினை இறக்கிய அன்றே உஸ்தாத்துக்குத் தெரிந்துவிட்டதாம். வெகுநேரம் தகடுகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பிறகு புல்லியை முடுக்கினார், புதுப் பேரிங் போட்டார், சத்தம் நின்றது என்று வண்டியைக் கொடுத்துவிட்டார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எறியச் சொன்ன தகடுகளில் இந்த ஜோடியை மட்டும் அக்கா அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருக்கிறார்.

இத்தனை நாள் கழித்து ஏன் என்று கேட்டேன். என் கோபம் அக்கா மேலும் பாய்ந்தது. அவர் முகத்தை முழுசாகத் திருப்பி, வலது காதை என் பக்கம் கொண்டுவந்து, இன்னொரு தடவை சொல்லுங்க என்றார். சொன்னேன்.

“முந்தாநேத்து என்னையும் அங்கதான் அடிச்சாக” என்றார். “கேக்கல தம்பி.”

போகும்போது ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார்: தன் பெயர் வெளியே வரக் கூடாது. வராது அக்கா என்று என் மனைவி எதிரில் சத்தியம் பண்ணினேன்.

மறுநாள் காலை கொட்டகைக்குப் போனேன். நல்ல வேளையில் போனேன், டிரைவர்கள் நிறைய இருந்தார்கள். அவர் ஒரு வேனில் காது வைத்திருந்தார், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தகடுகளை மட்கார்டின் மேல் வைத்தேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, இது என் வண்டியின் மூணாம் நம்பர், இதில் டொக் டொக் எங்கே இருக்கிறது காட்டுங்கள் என்று ஹிந்தியில் கேட்டேன். சாத்தாராக்காரர் தகட்டை எடுத்துக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்தார். அது கை மாறிப் போனது. என் பெயர் கழுவப்படுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். அந்த நிமிஷத்தைப் போல ஒரு சந்தோஷம் எனக்குப் பிறகு வந்ததில்லை.

உஸ்தாத் தகட்டைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வீட்டு வாசலைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தகடு வேறு யார் கையிலிருந்து வந்திருக்க முடியும்? பெயரைச் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டு, எல்லோருக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். இரண்டு வருஷக் கோபத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. உஸ்தாத் ஸ்க்ரூடிரைவரைக் கையில் பிடித்தபடியே வீட்டைப் பார்த்து நடந்தார். வாசலில் மண்ணெண்ணெய்த் தட்டுக்கு முன்னால் அக்கா குந்தியிருந்தார். உஸ்தாத் வருவது அக்காவின் இடது பக்கம். இவருக்குக் கேட்கவில்லை, தலை நிமிரவில்லை.

ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்துத் திருப்பினேன். அடித்தேன். இடது கையால், உடம்பில் இருந்த பலம் அத்தனையும் போட்டு. இடக்கைக்காரன் அறைந்தால் எங்கே விழும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அடித்தேன். நின்றிருந்தால் இன்னொன்றும் விட்டிருப்பேன். அவர் உட்கார்ந்துவிட்டார். ஸ்க்ரூடிரைவர் உருண்டு போனது. வலது காதைப் பொத்திக்கொண்டு, பின்னால் ஓடிக்கொண்டிருந்த வேனைத் திரும்பிப் பார்த்தார்.

“எவம்ல வண்டிய ஆஃப் பண்ணது?” என்றார்.

 வண்டி ஓடிக்கொண்டேயிருந்தது. அவர் மறுபடியும் அதையே கேட்டார். அக்கா எழுந்து வந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வேனுக்குள் எட்டிச் சாவியைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு டிரைவர்கள் பாதிப் பேர் என்னிடம் பேசவில்லை. சாத்தாராக்காரர் முகத்துக்கு நேராகவே கேட்டார்: உன் காதுக்கு நியாயம் கிடைத்தது, சரி, அந்தக் காது எங்கள் எல்லோருக்கும் வேண்டியிருந்ததே, நாங்கள் எங்கே போவோம்?  வருத்தம் இல்லையா என்றால் இருக்கிறது. ராத்தூக்கம் கெட்டிருக்கிறது. ஆனால் அந்த வாசலும் அந்த நடையும் திரும்ப வந்தால் திரும்பவும் அடிப்பேன். இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கொட்டகை மூடவில்லை. அவருக்கு ஆட்கள் கத்தினால் கொஞ்சம் கேட்கும் அளவுக்கு வந்ததாகவும், எஞ்சினுக்குள் இருப்பது மட்டும் வரவில்லை என்றும் சொன்னார்கள். இப்போது எஞ்சினில் காது வைத்துக் கேட்பது அக்காதான் என்றும் சொன்னார்கள். நம்பவில்லை. அஞ்சாறு வருஷம் அந்தச் சந்துப் பக்கமே போகவில்லை.

பிறகு ஒரு பழைய பிக்கப்பை நானே வாங்கி, விமான் நகர் ஆபீஸ்களுக்குத் தண்ணீர் கேன் போட ஆரம்பித்தேன். ஒருநாள் அதில் டொக் டொக் வந்தது. இரண்டு இடத்தில் காட்டினேன், ஆளுக்கொன்று சொன்னார்கள். மூன்றாம் நாள் வண்டி தானாகவே போன மாதிரி அந்தச் சந்துக்குள் போய் நின்றது.

உஸ்தாத் பின்பக்கம் ஒரு கியர்பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தார், முதுகு எங்கள் பக்கம். அக்கா என்னைப் பார்த்தார்.  வண்டியைக் கிளப்பச் சொல்லி, அதே ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து வலது காதில் வைத்தார். முதலில் புல்லியில்தான் வைத்தார். பிறகு ஒவ்வொரு இடமாக. காதுக்கு முன்னால் அவருக்கும் லேசாக ஒரு கறுப்பு விழ ஆரம்பித்திருந்தது.

கேட்டு முடித்ததும் அக்காவுக்கு உஸ்தாத்தைக் கூப்பிட வேண்டியிருந்தது, கழற்றி மாட்டுவது இன்னும் உஸ்தாத்தின் கைதான். டப்பாவிலிருந்து ஒரு நட்டைப் பொறுக்கி, கூப்பிடுகிற தூரத்திலிருந்தே எறிந்தார். முதுகெலும்பு நடுவில் விழுந்தது, பெரிய நட்டு. உஸ்தாத் துள்ளித் திரும்பினார். எட்டிப் போய்த் தோளைத் தொட்டிருக்கலாம். அந்த முதுகில் பனியனுக்கு மேல் நட்டு அளவுக்கு வட்ட வட்டமாகப் பழைய ஆயில் கறைகள் இருந்ததைப் பார்த்தேன்.  உஸ்தாத் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஒரு கை தானாக வலது காதுக்குப் போனது.

“ஆயில் பாத்தீங்களா தம்பி?” என்று அக்கா கேட்டார்.

நான் இடது தொடையைக் காட்டினேன்.

“ஏட்டி, என்ன சொல்லுதான்?” என்று அங்கிருந்து உஸ்தாத் கேட்டார்.

அக்கா ஸ்க்ரூடிரைவரை மட்கார்டில் வைத்துவிட்டு, குனிந்து, அந்தக் கோட்டைப் பார்த்தார்.